சோம்பேறி என்று பேர் வாங்கிய பிள்ளை

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு 13 வயது, எல்லாவற்றிலும் பொறுப்பு. இளையவனுக்கு 9. சின்ன வயதிலிருந்தே எதையும் தொடங்க நேரமாகும். ஷூ மாட்டுவதற்கே கால் மணி நேரம். அவசரத்தில் நானே மாட்டிவிடுவேன். வீட்டில் எல்லோரும் 'சோம்பேறி' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம், பாதி விளையாட்டாகத்தான். பள்ளியிலும் 'முயற்சி போதாது' என்றே எழுதி அனுப்புகிறார்கள். போன வாரம் ஒரு வேலை சொன்னேன். 'நான்தான் சோம்பேறியாச்சே, அக்காகிட்ட சொல்லுங்க' என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னான். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நாங்கள் சொல்லிச் சொல்லித்தான் இப்படி ஆனானா? இனிமேல் 'நீ சுறுசுறுப்பு, நீ கெட்டிக்காரன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் மாறுவானா? என் தங்கை, கவனக்குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்கிறாள். என் கணவர், 'டாக்டர் ஒரு பேர் வைத்துவிட்டால் அது ஆயுசுக்கும் முத்திரை' என்கிறார். அவரையும் சின்ன வயதில் இப்படித்தான் சொன்னார்களாம். இத்தனைக்கும் பையன் பழைய கடிகாரத்தைப் பிரித்து உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் அசைய மாட்டான். திருகாணிகளை அளவுவாரியாக அடுக்கி வைத்துக்கொண்டுதான் தொடங்குவான். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இல்லை, நீங்கள் சொல்லிச் சொல்லி ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு சோம்பேறியை உருவாக்கிவிடவில்லை. பட்டப்பெயர் பெரும்பாலும் ஏதோ ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டுகிறது. உங்கள் பையனுக்குத் தொடங்குவது கஷ்டம். அது நீங்கள் பேர் வைப்பதற்கு முன்னாலேயே இருந்தது. பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் வைத்திருக்கும் கணிப்புகள் பல நேரம் ஓரளவு சரியாகவே இருக்கின்றன என்றும், கணிப்பே பிள்ளையை மாற்றிவிடுவது நடந்தாலும் பொதுவாக அது சிறிய அளவில்தான் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே குற்ற உணர்ச்சியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு வேறு வேலை பார்க்க முடியாது.

ஆனால் சிறிய அளவு என்பது தினமும் சேர்ந்துகொண்டே போகும். 'தொடங்க நேரமாகும்' என்பது அவன் செய்வதைப் பற்றிய பேச்சு. 'சோம்பேறி' என்பது அவன் யார் என்பதைப் பற்றிய தீர்ப்பு. முதலாவதற்கு வழி தேடலாம். இரண்டாவதற்கு மேல்முறையீடு இல்லை. அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னது உங்களை உறுத்தியதில் நியாயம் இருக்கிறது.

அடுத்து, நல்ல பேராக மாற்றிச் சொன்னால் மாறுவானா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கை பரவியதற்குப் பின்னால் ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. 1960-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் ஒரு ஆரம்பப் பள்ளியில் ராபர்ட் ரோசந்தால் என்ற உளவியலாளரும், அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் லெனோர் ஜேக்கப்சனும் சேர்ந்து நடத்தியது. பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். பிறகு ஆசிரியர்களிடம், 'இந்தப் பிள்ளைகள் இந்த வருடம் நன்றாக மேலே வருவார்கள், தேர்வு அப்படிக் காட்டுகிறது' என்று சில பெயர்களைக் கொடுத்தார்கள். சுமார் ஐந்தில் ஒரு பிள்ளை. உண்மையில் அந்தப் பெயர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல எடுக்கப்பட்டவை. வருட முடிவில் திரும்பவும் தேர்வு வைத்தபோது, முதலிரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். 1968-ல் இது புத்தகமாக வந்ததும் ஒரே பரபரப்பு. 'எதிர்பார்த்தால் போதும், பிள்ளை மலர்ந்துவிடும்' என்று உலகம் முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பரபரப்பில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின. மேல் வகுப்புகளில் இந்த விளைவு ஏறக்குறைய இல்லை. கீழ் வகுப்புகளுக்கு வைத்த தேர்வே அந்த வயதுக்கு நம்பகமானதுதானா என்று அப்போதே கடுமையான கேள்விகள் எழுந்தன. அதன்பின் இதே போலப் பல ஆய்வுகள் நடந்தன. 1984-ல் ஸ்டீபன் ராடன்புஷ் என்பவர் அவற்றில் 18-ஐ ஒன்றாக வைத்துப் பார்த்தார். ஆசிரியருக்குப் பிள்ளைகளை முன்பே தெரிந்திருந்தால், அதாவது இரண்டு வாரத்துக்கு மேல் பழகியிருந்தால், வெளியிலிருந்து கொடுத்த 'இவன் மேலே வருவான்' என்ற செய்தி ஏறக்குறைய வேலை செய்யவே இல்லை. பிள்ளையைப் பார்த்துப் பழகியவர் தாளில் இருப்பதை நம்பவில்லை, தன் கண்ணை நம்பினார்.

உங்களுக்கு அவனை இரண்டு வாரமாகத் தெரியாது, ஒன்பது வருடமாகத் தெரியும். நாளைக் காலையிலிருந்து 'நீ சுறுசுறுப்பு' என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். அவன் அதைவிட நம்ப மாட்டான். பிள்ளைகளுக்கு வார்த்தையைவிடச் சொல்பவர் முகம் முதலில் தெரியும். சொல்லிக்கொண்டே ஷூவை நீங்கள் மாட்டிவிட்டால், எதை நம்புவான்?

விஷயமே அந்த ஷூவில்தான் இருக்கிறது.

ரோசந்தால் பள்ளிக்குப் போவதற்கு முன் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார். 1963-ல் வெளிவந்தது. பன்னிரண்டு மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, வழி கண்டுபிடிக்கும் பாதையில் பழக்கச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் 'இவை கூர்மையான எலிகள்' என்றார்கள், மீதிப் பேரிடம் 'இவை மந்தமானவை' என்றார்கள். எல்லாம் ஒரே வகை எலிகள்தான். ஆனாலும் 'கூர்மையான' எலிகள் நன்றாகக் கற்றன. எலிக்கு எந்த மொழியும் தெரியாது. அதனிடம் யாரும் 'நீ கெட்டிக்காரன்' என்று சொல்லவில்லை. நல்ல எலி கிடைத்ததாக நினைத்த மாணவர்கள் அதை அடிக்கடி கையில் எடுத்தார்கள், மெதுவாகப் பிடித்தார்கள், அதன்மேல் கொஞ்சம் பிரியமாகவே இருந்தார்கள். பேர் காது வழியாகப் போகவில்லை, கை வழியாகப் போனது.

நான் முதன்முதலில் இதைப் படித்தபோது எலியைப் பற்றி யோசிக்கவில்லை. எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவரைப் பற்றி யோசித்தேன். அவர் என்னைத் திட்டியதே இல்லை. கேள்வி கேட்பார், என் முகத்தைப் பார்ப்பார், அடுத்த பையனிடம் போய்விடுவார். அந்தப் பார்வை என்ன நீளம் என்று இப்போதும் எனக்குத் தெரியும்.

அந்த நீளத்தை அளந்தவர்களும் இருக்கிறார்கள். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கணக்கெடுத்தார். சராசரி ஒரு வினாடி. அதிலும் கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் நினைத்தவர்களுக்குக் கூடுதல் நேரம், மந்தம் என்று நினைத்தவர்களுக்குக் குறைவு. யாருக்கு யோசிக்க நேரம் வேண்டுமோ அவருக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. காத்திருப்பதை மூன்று வினாடிக்கு மேல் கொண்டுபோனதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. வாயே திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டை ஒரு நாள் வேடிக்கை பாருங்கள். ஒரு வேலை வருகிறது. அவன் எழுந்திருக்க எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்கள்? அக்காவுக்கு எவ்வளவு? பொறுப்பான வேலை யார் கைக்குப் போகிறது? 'சோம்பேறி' என்று பேர் வாங்கிய பிள்ளைக்கு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள், அல்லது கொடுத்து அரை நிமிஷத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம் அவனுக்குப் பழக்கம் எப்படி வரும்? பழக்கம் இல்லாததால் மெதுவாகச் செய்வான். மெதுவாகச் செய்தால், 'பார்த்தாயா, சொன்னேனே'. மஞ்சள் காமாலைக்காரனுக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே கொஞ்சம் வித்தியாசம். பார்க்கப் பார்க்க அந்தப் பொருளும் மஞ்சளாகவே மாறிக்கொண்டு வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எப்போதாவது அவன் தானாக எழுந்து ஒரு வேலை செய்கிறான் என்று வையுங்கள். வீட்டில் யாராவது என்ன சொல்வார்கள்? 'அடேயப்பா, இன்னைக்கு மழை கொட்டப் போகுது!' எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். நான் பார்த்தவரைக்கும் சோம்பேறி என்று திட்டுவதைவிட இந்தச் சிரிப்புதான் அதிகம் கெடுக்கிறது. திட்டு, வேலை செய்யாதபோது விழுகிறது. கிண்டலோ வேலை செய்தபோது விழுகிறது. நல்லது செய்தாலும் அது கணக்கில் வராது, அதிசயம் என்ற தலைப்பில் தனியாக எழுதிவைக்கப்படும் என்று பிள்ளைக்குப் புரிந்துபோகிறது. வேறு எதையும் உடனே மாற்ற முடியாவிட்டாலும், மழை ஜோக்கை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அப்பா, அக்கா, வந்துபோகும் உறவினர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி அவன் பக்கம் வருவோம். 'நான்தான் சோம்பேறியாச்சே' என்று அவன் கோபமில்லாமல் சொன்னதற்குக் காரணம், அந்தப் பேரால் அவனுக்கு ஒரு லாபம் இருப்பதுதான் என்று நினைக்கிறேன். முயற்சி செய்யாமல் தோற்றால் 'சோம்பேறி'. முயற்சி செய்து தோற்றால் 'மக்கு'. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் நீங்கள் எதை எடுப்பீர்கள்? பெரியவர்களே இதைத்தான் செய்கிறோம். பரீட்சைக்கு முன்னால் 'நான் ஒண்ணுமே படிக்கல' என்று ஊரெல்லாம் சொல்லிவைக்கிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்போம்! அருகில் கெட்டிக்கார அக்கா வேறு இருக்கிறாள். அவளோடு ஓடித் தோற்பதைவிட, ஓடவே இல்லை என்று உட்கார்ந்துவிடுவது ஒன்பது வயதில் ஒரு நல்ல ராஜதந்திரம். அதனால் அவனிடமிருந்து அந்தப் பேரைச் சட்டென்று பிடுங்கப் பார்க்காதீர்கள். அது இருக்கிற வரைக்கும் அவன் மானம் அதற்குள் பத்திரமாக இருக்கிறது. முயன்று தோற்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்தபிறகு அவனே அதைக் கழற்றி வைப்பான்.

அக்காவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 'எல்லாவற்றிலும் பொறுப்பு' என்பதும் ஒரு பேர்தான். 1998-ல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் ஒரு புதிரைச் சரியாகச் செய்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும், சிலரிடம் 'நன்றாக உழைத்தாய்' என்றும் சொன்னார்கள். புத்திசாலி என்று கேட்டவர்களில் பலர் அடுத்து எளிதான புதிரையே கேட்டார்கள். கடினமான ஒன்றில் தடுமாறியபின், முன்பு செய்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை. தங்கள் மதிப்பெண்ணை முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, கூட்டி எழுதியவர்களும் அவர்களிடையேதான் அதிகம். நல்ல பேரைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை, அதற்கு விடுமுறை கிடையாது. உங்கள் மகள் ஒரு நாள் சாவியைத் தொலைத்துவிட்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தம்பி தொலைத்தால் நடப்பதைவிட அதிகமாக நடக்கும் என்றால், அவள் தோளிலும் கொஞ்சம் பாரம் இருக்கிறது. அவனுக்கு ஒரு வேலையைக் கொடுக்கும்போது அவளிடமிருந்து ஒன்றைக் குறையுங்கள்.

பேர் வைப்பதே கெட்டது என்று சொல்ல வரவில்லை. 1975-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு வகுப்புக்குச் சில நாள்கள் 'குப்பை போடக் கூடாது, சுத்தமாக இருக்க வேண்டும்' என்று புத்தி சொன்னார்கள். இன்னொரு வகுப்பிடம் 'நீங்கள் சுத்தமாக இருக்கிற பிள்ளைகள்' என்று, அவர்கள் செய்ததைக் காட்டிச் சொன்னார்கள். புத்தி கேட்ட வகுப்பைவிட, சுத்தமானவர்கள் என்று கேட்ட வகுப்புதான் குப்பையைத் தொட்டியில் போட்டது. சொல்வதை நிறுத்திய பின்னும் அது நீடித்தது. ஆகவே, 'இப்படி இரு' என்பதைவிட 'நீ இப்படி இருக்கிறாய்' என்பதற்கு வலு அதிகம். ஒரே நிபந்தனை, பிள்ளை தன் கண்ணால் பார்த்ததோடு அது பொருந்த வேண்டும்.

உங்களிடம் அதற்கான சரக்கு இருக்கிறது. கடிகாரம் பிரிக்கிறவனிடம் போய் 'நீ சுறுசுறுப்பு' என்று சொல்ல வேண்டியதில்லை. 'தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அடுக்கி வெச்சுக்கிற ஆள் நீ' என்று சொல்லுங்கள். அது உண்மை, அவனுக்கும் தெரியும். மறுநாள் புத்தகப் பையை எடுத்து வைக்கும்போது அதே வழியைக் காட்டலாம். 'கடிகாரத்துக்குச் செய்யற மாதிரியே இதையும் முதல்ல அடுக்கிக்கோயேன்.' ஷூவுக்கும் அப்படித்தான். கால் மணி நேரம் ஆகிறது என்றால் கால் மணி முன்னால் தொடங்கவையுங்கள், நீங்கள் வேறு அறைக்குப் போய்விடுங்கள். இரண்டு மூன்று நாள் தாமதமாகும், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். மாட்டி முடித்து வந்ததும் விழா எடுக்க வேண்டாம். 'சரி, கிளம்பலாம்' போதும்.

வீட்டில் அவனுக்கென்று ஒரு வேலை இருக்கட்டும். ஒப்புக்குக் கொடுத்த வேலையாக இருக்கக் கூடாது. அவன் செய்யாவிட்டால் மற்றவர்களுக்கு உண்மையாகவே இடைஞ்சல் வர வேண்டும். வீட்டுக் கடிகாரங்கள் எல்லாம் சரியான நேரம் காட்டுவது அவன் பொறுப்பு என்று வைத்தால்கூட நல்லதுதான், அவனுக்குப் பிடித்த துறை. மறந்துவிட்டால் நீங்கள் போய்த் திருத்தாதீர்கள். கடிகாரம் தப்பாகவே ஓடட்டும், அவனிடம் நேரம் கேளுங்கள்.

பரிசோதனை விஷயத்தில் நான் உங்கள் தங்கை பக்கம். உங்கள் கணவரின் பயம் வீண் பயம் இல்லை. மருத்துவர் வைத்த பேரும் பிள்ளையை மூடி மறைத்துவிடலாம். 'அவனுக்கு அந்தப் பிரச்சினை இருக்காமே' என்று கேள்விப்பட்டதும் மொத்தமாகத் தண்ணி தெளித்து விட்டுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: பையன்மேல் ஏற்கெனவே ஒரு முத்திரை இருக்கிறது. முத்திரை வேண்டுமா வேண்டாமா என்ற இடத்தைத் தாண்டிவிட்டோம். 'சோம்பேறி' என்ற சொல்லுக்குள் வைத்தியம் எதுவும் இல்லை, வெட்கம் மட்டும்தான் இருக்கிறது. சரியான நோயறிதல் இருந்தால், எங்கே சிக்கல், எது உதவும் என்று அடுத்த படிக்குப் போகலாம். வளர்ந்தபிறகு மருத்துவரிடம் இந்த நோயறிதல் கிடைத்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். 'இத்தனை வருஷம் நான் கெட்டவன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.'

கவனக்குறைபாடுதான் என்று நானும் இங்கிருந்து சொல்லிவிட முடியாது. அதற்கென்று வரையறை உண்டு. அறிகுறிகள் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்று இல்லாமல் இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். கடிகாரத்தோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதால் அது இல்லை என்றும் முடிவுகட்டக் கூடாது. பிடித்ததில் மூழ்கிவிடுவதும், பிடிக்காததைத் தொடங்கவே முடியாமல் தவிப்பதும் இந்தப் பிள்ளைகளிடம் சேர்ந்தே இருக்கலாம். கண், காது, தூக்கம், எழுத்துக்கூட்டி வாசிப்பதில் சிரமம், இவற்றையும் பார்த்துவிட வேண்டும். படிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளை புத்தகத்தைத் தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று எழுதி அனுப்பிய பள்ளிக் குறிப்புகளை நிறையப் பார்த்துவிட்டேன். பரிசோதித்து ஒன்றுமில்லை என்று வந்தாலும் நஷ்டமில்லை. ஏதாவது இருந்தால், யாரிடம் சொல்வது என்பது உங்கள் கையில். வகுப்பாசிரியரிடம் சொல்லும்போது பேரை மட்டும் சொல்லாதீர்கள். 'வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுங்கள், தொடங்கும்போது பக்கத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்' என்று செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் புது வகுப்பு ஆரம்பிக்கிற முதல் வாரத்திலேயே. அந்த இரண்டு வாரக் கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா?

உங்கள் கணவரிடம் ஒரு வேலை இருக்கிறது. 'நானும் சின்ன வயசில் சோம்பேறிதான்' என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார், ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பையன் காதில் அது குடும்பச் சொத்து மாதிரி விழும். அதற்குப் பதிலாக, எதைத் தொடங்குவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது, இன்றைக்கும் எது கஷ்டமாக இருக்கிறது, அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று சொல்லட்டும். ஒன்பது வயதுப் பையனுக்கு அப்பாவின் தந்திரங்களைப் போல ருசியான விஷயம் வேறில்லை. அப்படிப் பேச ஆரம்பித்தால் அவருடைய பழைய பேரும் கொஞ்சம் தளரலாம்.

அடுத்தமுறை 'நான்தான் சோம்பேறியாச்சே' என்று அவன் சொன்னால், 'அப்படிச் சொல்லாதே' என்று பதறாதீர்கள். 'எந்த வேலையில?' என்று மட்டும் கேளுங்கள். அவன் ஏதாவது ஒன்றைச் சொல்லுவான். பேச்சு அந்த வேலையைப் பற்றியதாக மாறிவிடும்.

மருத்துவரிடம் போகும் நாளில் 'பையன் சோம்பேறியா இருக்கான் டாக்டர்' என்று தொடங்கிவிடாதீர்கள். எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே கொண்டுபோய்க் கொடுங்கள். கடைசியில் திருகாணிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு வரிகளையும் அவர் படிக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.